கேட்காமல் ஓடிய படம்

விலை குறைவு என்பதற்காகவே, போனில் ஓடும் படத்தை டிவியில் காட்டும் அந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கினேன். வைஃபை பக்கத்து வீட்டோடு பொது. அவர்கள் போனில் ‘டிவிக்கு அனுப்பு’ பொத்தானைத் தவறித் தொட்டாலும் அனுமதி கேட்காமல் எங்கள் டிவியில் படம் ஓடும், சிரித்துக்கொள்வோம்.

ஒரு மாலை, சமையல் நிகழ்ச்சி நின்று வேறொரு வீடியோ வந்தது. வாய்க்கால் மடையில் இருவர் ஒருவனை மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். மண்டை பிளந்து சேற்றில் விழுந்தான்.

“ஐயோ, நம்ம செந்திலுங்க!” என்று மனைவி அலறினாள். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்த என் தம்பி.

அடித்தவர்களோடு வந்தவன் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பியதைப் பக்கத்து வீட்டுக்காரர் திறந்து, கை தவறி அந்தப் பொத்தானைத் தொட்டிருக்கிறார்.

மடைக்கு ஓடினோம். மூக்குவரை சேற்று நீரில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பிழைத்தான்.

அப்படியொரு காட்சி மறுபடி திடீரென வரக்கூடாது என்று இப்போது அனுமதி கேட்கும் ஸ்டிக்தான் வைத்திருக்கிறேன்.

“பழசும் கேட்டுக்கிட்டு நின்னிருந்தா நான் அங்கேயே செத்துருப்பேண்ணே” என்கிறான் தம்பி. மடைக்கு இனி இருவரும் சேர்ந்தே போகிறோம்.