கிளாடின் கேட்ட விடுப்பு

தேனியிலிருந்து போடி போகும் சாலையில் புதிதாக வந்த ஒரு பொறியியல் கல்லூரியில் கிருபாவதி ஆங்கில ஆசிரியை. 2007இல் ருவாண்டாவிலிருந்து ஐந்து மாணவர்கள் வந்து சேர்ந்தபோது, "ஒங்களுக்குத்தான் இங்கிலீசு சரளமா வருது. நீங்களே பாத்துக்கங்க" என்று முதல்வர் ஞானசிகாமணி அவர்களை ஒப்படைத்தார். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அந்த வேலைக்குக் கவுன்சிலர் என்று பெயர். பயிற்சி எதுவும் கிடையாது.

ஐவரில் ஒரே பெண் கிளாடின். பேருந்தில் எவ்வளவு கூட்டம் என்றாலும் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பின்னால் இருப்பவர்கள் கேட்காமலே அவள் சடையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கிருபாவதி ஆங்கிலத்தில் சமாதானம் சொல்வார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காரம் குறைத்துக் குழம்பு வைப்பார். கிளாடின் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அந்த வீட்டில் மட்டும்தான்.

மறுவருடம் நவம்பரில், அவள் அம்மா சாகக் கிடப்பதாகத் தகவல் வந்தது. செமஸ்டர் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. விடுப்பு கேட்டு அழுதாள்.

முதல்வர் கிருபாவதியைக் கூப்பிட்டார். "இந்தப் பிள்ள போனா திரும்பி வராது. மத்த நாலும் கெளம்பிரும். மேனேஜ்மெண்டுல என்னையத்தான் கேப்பாக. நீங்க சொன்னா அது கேக்கும்."

கிருபாவதி போய்ச் சொன்னார். "தேர்வை முடித்துவிட்டுப் போ."

"உங்கள் அம்மாவாக இருந்தால் நீங்கள் இருப்பீர்களா?"

"இருப்பேன்."

சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. கிளாடின் நம்பினாள்.

நான்காவது தேர்வு எழுதிய அன்று அம்மா இறந்துபோனாள். மதுரை விமான நிலையத்துக்கு வேனில் கூட்டிப்போனதும் கிருபாவதிதான். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் கிளாடின் சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "என் பக்கத்தில் உட்காராதவர்கள் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை."

அவள் திரும்பி வரவில்லை. மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. கிருபாவதி ராஜினாமா கடிதம் எழுதினார். "வேற வேலைக்கு எங்கன போவ?" என்று கணவர் பொன்னுராஜ் கேட்டதும் அதைக் கிழித்துப் போட்டார்.

2009 ஆகஸ்டில் ருவாண்டாவிலிருந்து ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள். வரவேற்புக் கூட்டத்தில், எந்தக் கஷ்டம் என்றாலும் கிருபாவதி மேடத்திடம் தயங்காமல் சொல்லலாம் என்றார் முதல்வர். ஒன்பது முகங்களும் அவர் பக்கம் திரும்பின. கிருபாவதி எழுந்து, விடுதியில் சாப்பாட்டு நேரத்தையும் தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.