பச்சை கவுனும் சாப்பாட்டு செபமும்

ஃபேக்டரியில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்து ரிட்டயரான எட்மண்ட் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரிக் கதைதான். இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்திலும் பட்டாபிராம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எண்பத்தாறில் தன் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்லைப் பற்றிப் பேசுவார். கல் கடலை அளவில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் வளர்ந்து இப்போது நெல்லிக்காய் அளவில் நிற்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். "வுடு மாமே, பாவம், அவுங்களும் பொழைக்கணும்ல" என்பார்.

முதல் தடவை ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு போனவரைச் சாயங்காலம்வரை உட்காரவைத்து, டாக்டர் லீவு என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை அவருடைய எக்ஸ்ரேயைக் காணோம். யாருடைய நுரையீரலையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒரு சின்ன டாக்டர், பீடியை நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் திட்டினார். எட்மண்ட் ஜென்மத்தில் பீடியைத் தொட்டதில்லை. ஆனாலும் அத்தனை அக்கறையாகத் திட்டுகிறாரே என்று, "இனிமே புடிக்க மாட்டேன் சார்" என வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் தடவை விளையாட்டில்லை. கல் அடைத்துக்கொண்டு வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் மெட்ராசிலிருந்து வருவார்; இரண்டு மணிக்கு மேல் கத்தியைத் தொட மாட்டார். இந்த மாதமும் தள்ளிப்போனால் அந்தச் சிறுநீரகத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று எட்மண்டின் மனைவி செலினிடம் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் அன்று கணவனை உள்ளே அனுப்பிவிட்டு, போர்வை எடுத்துவர செலின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு ஓடினாள்.

எட்மண்டுக்கு முதுகில் நாடா வைத்த பச்சை கவுனை மாட்டி, ஓர் ஊசியும் போட்டு, தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உட்காரவைத்தவர்கள் டீ குடிக்கப் போனார்கள். ஊசி வேலை செய்தது. எதிர்ச்சுவர் மெல்ல மூச்சுவிட்டது. ஃபினாயில் நெடி கொஞ்சம் கொஞ்சமாக, மழை பெய்து ஓய்ந்த ஏரிக்கரை வாசனையாக மாறியது. உடம்பில் எடையே இல்லை. வலி வேறு யாருக்கோ வலித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஃபேக்டரி சங்கு ஊதியது. பன்னிரண்டு மணி, சாப்பாட்டு நேரம். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பழகிய கால்கள் எட்மண்டைக் கேட்காமலே எழுந்தன.

ரோடு நிறைய சைக்கிள்கள் குவார்ட்டர்ஸை நோக்கி மிதந்துகொண்டிருந்தன. அவரும் கூடவே மிதந்தார். கவுனின் பின்பக்கத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் அறிவு மட்டும் எங்கோ மிச்சமிருந்தது. உச்சி வெயில் குளிர்ந்தது. வேப்பம்பூ, கீழே வர மனசில்லாமல், காற்றிலேயே நின்று நின்று உதிர்ந்தது. "இன்னா அண்ணாத்தே, புது யூனிஃபாரமா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் என்றைக்கும் வீட்டுக்கு நடந்ததில்லை.

போர்வையை மடித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்த செலின், பச்சை கவுனோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கணவனைக் கண்டாள். முன்னால் தட்டில் சோறு, நெத்திலிக் குழம்பு. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டது.

"இன்னாங்க, நீங்க எப்டி இங்க?"

"சங்கு ஊதிட்சில்ல? பசிக்குது செலினு."

ஒரு வாய் உள்ளே போனால் போதும், மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், ஆபரேஷன் போச்சு. ஊசி மயக்கத்தில் இருக்கும் ஆறடி மனிதரோடு மல்லுக்கட்ட அவளால் ஆகாது. ஆனால் செபம் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை.

"செபம் சொல்லாமயா?" என்றாள்.

எட்மண்ட் திருதிருவென்று விழித்துக் கையை எடுத்தார். கும்பிட்டார். கண்ணை மூடினார்.

சாப்பாட்டு செபம் நாலு வரி. செலின் அதை முடிக்கவே இல்லை. சோற்றுக்கு நன்றி சொன்னவள், உழுதவனுக்கு, மீன் பிடித்தவனுக்கு, ரேஷன் கடைக்காரனுக்கு என்று வரிசையாக ஆசீர் கேட்டாள். சாப்பிட வீடு திரும்பிய பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வாசலில் திகைத்து நின்றார். அவருக்குக் கணவனையும் ரோட்டையும் மாறி மாறிக் கண்ணால் காட்டினாள். புரிந்துகொண்டு ரிக்ஷா பிடிக்க ஓடினார். ஆசீர் கேட்க ஆள் தீர்ந்ததும் செபமாலைக்குத் தாவினாள். ஒவ்வொரு செபத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டிய கணவனின் தலை ஆடிக்கொண்டிருந்ததால் அதையும் அவளே சொன்னாள். மாலையில் முதல் பத்து மணிகளை உருட்டி முடித்து அடுத்த பத்தில் இருந்தபோது அந்தத் தலை அவள் தோளில் சாய்ந்தது.

ரிக்ஷா ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. அவர் காணாமல் போனதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. "இன்னும் கூப்பிடலம்மா, உக்காருங்க" என்றார் சிஸ்டர். அன்றைக்கே கல் வெளியே வந்தது, சிறுநீரகம் தங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஸ்டேஷன் பெஞ்சே சிரிக்கும். எட்மண்டும் சிரிப்பார். ஒன்றை மட்டும் அங்கே சொல்வதில்லை. அந்த ஊசிக் கனவுக்குள் செலினின் குரல் ஏரிக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் மாதாவை நோக்கி ஓர் அருள்நிறைந்த மந்திரம்; அதன் முடிவில், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று ஓரிடம் வரும். அந்த இடம் வந்ததும் அவள் குரல் நின்றது. பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டு ஆமெனுக்குப் போனது. ஒரு மணியில் மட்டுமல்ல, உருட்டிய எல்லா மணியிலும். பதினொரு வருஷமாக அதைப் பற்றி அவளிடம் அவர் கேட்டதில்லை. கேட்டால் முதலில் அழுவது தானாகத்தான் இருக்கும் என்று பயம்.

மத்தியானச் சங்கு தூரத்தில் கேட்டதும் எட்மண்ட் பெஞ்சை விட்டு எழுந்து வீட்டுக்குப் போவார். தட்டின் முன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். செலின் எவ்வளவு நீட்டினாலும், சோறு ஆறிப்போனாலும், அவள் ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்க மாட்டார்.