பரங்கிப் பிஞ்சும் அம்பிகாவின் விரலும்

உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அம்பிகாவின் கொல்லை முழுக்கத் தெரியும். ஆனி முடியப்போகிறது, வெயில் மட்டும் இறங்கவில்லை. தெருவில் பாதிக் கொல்லைகள் காய்ந்து குச்சியாகிக் கிடக்க, அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றியே கத்தரியையும் வெண்டையையும் கோடை தாண்ட வைத்துவிட்டாள். வேலியோரம் பரங்கிக்கொடி ஓடிப் பூக்கவும் தொடங்கியிருந்தது. எனக்குப் பொறாமைதான், அதை மறைப்பானேன்.

அவள் கணவர் கொளஞ்சியப்பன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அதனால் தெருவுக்கு அவள் கண்டக்டர் வீட்டம்மா. போன வருடம் செல்போனில் ஒற்றை விரலால் தமிழ் அடிக்கப் பழகி, தினமும் காலையில் கொல்லையைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தாள். என்ன பூத்தது, எதைப் பூச்சி தின்றது, அதைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது, எல்லாம் அதில் வரும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து துபாய்க்குப் போன ஒருவர், ஒருநாள் தவறினாலும் "அம்பிகா அக்கா, இன்னைக்கு எழுதலையா?" என்று கேட்பார். கல்யாணமாகி வந்த நாளாக அவளைப் பெயர் சொல்லி யாரும் தேடியதில்லை. அந்தச் சந்தோஷம் அவள் நடையிலேயே தெரிந்தது.

பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது, நீட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்பிகாவோ முதல் பரங்கிப் பிஞ்சு எவ்வளவு பெரிது என்று காட்ட, ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் நீட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். அந்த வாரமே பிஞ்சு வெம்பி விழுந்தது. அடிக்கிற வெயிலில் முதல் பிஞ்சு விழுவது புதிதா என்ன? ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கும் அவள் நாத்தனார் ஆண்டாயி விடுவாளா?

"ஊரு கண்ணு போதாதுன்னு துபாய் கண்ணையும்ல கூப்புட்டு வச்சிருக்க!"

ஆண்டாயி சும்மா பேசிவிட்டுப் போகிறவள் இல்லை. பழைய நைலான் சேலைகளைக் கொண்டுவந்து கொடியைச் சுற்றியும் மேலேயும் கட்டினாள். "வெயிலு உள்ள வரும், கண்ணு வராது" என்றாள். அந்தக் கண் யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மாடிப் பக்கம் மட்டும் சேலை இரண்டு மடிப்பாகத் தொங்கியது. நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

சேலை கட்டிய பிறகு ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. பூ விரியும், அடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு இருக்கும், நாலாம் நாள் சுருங்கிவிடும்.

"பாத்தியா, இவ்வளவு மறைச்சும் விழுவுது. எல்லாம் நீ எழுதறதுதான். அடுத்த பிஞ்சும் விழுந்துச்சுன்னா எழுதறத விட்டுடணும்" என்றாள் ஆண்டாயி.

கொளஞ்சியப்பனும் அக்கா பக்கம் சாய்ந்தார். "கொஞ்ச நாளு எழுதாமத்தான் இரேன். என்ன கொறஞ்சிடப் போவுது?"

"சரி அண்ணி. விழுந்தா விட்டுடறேன்" என்றாள் அம்பிகா. கொடி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் உள்ளே போய் அழுதிருக்கிறாள். என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்டதுதான் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை கொடியருகே சேலைக்குள் உட்கார்ந்து வழக்கம்போல எழுதத் தொடங்கினாள். "பரங்கிப் பூவுக்குள் தேனீக்கள் புரண்டுகொண்டிருக்கின்றன" என்று விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது. பார்க்காததை எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. நிமிர்ந்து பூவுக்குள் பார்த்தாள். ஒரு தேனீகூட இல்லை. எல்லாம் சேலைக்கு வெளியே ஊர்ந்து, உள்ளே வர வழி தேடிக்கொண்டிருந்தன.

அவள் போட்ட சத்தத்தில் நான் மாடிக்கு ஓடினேன். அவள் சேலைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, அன்று விரிந்திருந்த மூன்று பெண் பூக்களுக்குள்ளும் அதன் மகரந்தத்தைத் தடவினாள். சேலையைக் காணாமல் ஆண்டாயி ஓடி வந்தாள்.

"அடிப்பாவி, எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டியே!"

"தேனீ வராம எப்படி அண்ணி காய்க்கும்? நேத்து உங்ககிட்ட ஒத்துக்கிட்டது தப்பு. பிஞ்சு நின்னாலும் எழுதுவேன், விழுந்தாலும் எழுதுவேன்."

அப்படியே அங்கேயே நின்று எழுதிப் போட்டாள். சேலை கட்டியது, பிஞ்சு விழுந்தது, கணவர் கேட்டது, தான் அழுதது, எதையும் விடவில்லை. பிஞ்சு நிற்குமா என்று பார்த்துவிட்டுப் போடலாமே என்று மாடியிலிருந்து கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள்.

மூன்றில் ஒன்று விழுந்தது, அதையும் எழுதினாள். இரண்டு நின்று, ஆடி முடிவதற்குள் தேங்காய் அளவுக்குத் திரண்டன. ஒருநாள் காலை அவள் செல்போனும் கையுமாக இருந்தபோது ஆண்டாயி வேலியோரம் வந்து நின்றாள்.

"தேனீயாம் தேனீ. தெனமும் சாயங்காலம் ஒனக்குத் தெரியாம நான் உப்பு சுத்திப் போட்டேன், அதுலதான் நின்னுருக்கு. எம்பேரப் போட்டு அதையும் எழுது."