கூழ்ப் பானைக்கு அடியில் இருந்த தண்ணீர்

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். சொன்ன இடம்கூட நினைவிருக்கிறது. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பசி எடுக்கும்... தாருக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. முனிசிபாலிட்டியில் குழாய் வால்வைத் திறந்து மூடுகிற வேலை எனக்கு. தினக்கூலிதான். ஆனால் ஊருக்கே தண்ணீர் விடுகிற கை இது. டாக்டர், வக்கீல் எல்லாம் முதலில் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போவார்கள். படிப்பு எட்டாவது... அதிலும் அரைப் பரீட்சை வரைக்கும். பூமிக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று மட்டும் என்னைக் கேட்க வேண்டும்.

அந்தச் சந்தில், வேப்பமரத்தடியில், தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி. முறம் அகலம் இருக்கும். ஊரில் நெருப்புப் பிடித்தால் ஃபயர் சர்வீஸ்காரர்கள் அதைத் திறந்து, ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுப்பார்கள். கீழே தண்ணீர், மேலே நிழல். மூடி எப்போதும் சில்லென்று இருக்கும்.

அதன் மேல்தான் முனியம்மாக்கா கூழ்ப் பானையை வைத்து வியாபாரம் செய்வார். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் வாசல், சினிமா கொட்டகை என்று ஒவ்வொரு இடமாக விரட்டி விரட்டி, கடைசியாக வந்து உட்கார்ந்த இடம் அது. வீட்டுக்காரருக்கு லாரியில் அடிபட்டுக் கால் போய்விட்டது. அந்தப் பானைதான் குடும்பம்.

"மூடி மேல உக்காரக் கூடாதுக்கா. ஆபீஸ்ல பாத்தா என்னத்தான் கேப்பாங்க" என்பேன்.

"மொதல்ல குடி. குடிச்சிட்டு அப்புறமா சட்டம் பேசு" என்று சொம்பை நீட்டுவார். கூடவே ஒரு பச்சை மிளகாய். "இந்த எடத்த மட்டும் காட்டிக் குடுத்துடாத தம்பி. இதையும் வுட்டா நான் மல உச்சியிலதான் கட போடணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. வாயில் கூழ் இருந்தது.

பிறகுதான் அந்தத் தார். கான்ட்ராக்டர் ஆட்கள் மூடியையும் சேர்த்து ஊற்றி, ரோலரை ஓட்டிவிட்டார்கள்.

"மேஸ்திரி, நாளைக்கே நெருப்புனா தண்ணிய எங்க போய்த் தேடுவீங்க?" என்று கேட்டேன்.

"நீதான் இருக்கியே. இந்தப் பேச்சு பேசுற வாயால ஊதி அணைச்சிடு" என்றார் அவர்.

முனியம்மாக்காவுக்கு மட்டும் அன்றைக்குத் தீபாவளி. மூடி கண்ணில் படாவிட்டால் யார் விரட்டுவார்கள்? தார் காய்ந்ததும் மரத்தடியில் மறுபடி கடை வந்துவிட்டது.

அடுத்த சித்திரை. உச்சி வெயில். சந்தில் இருந்த கீற்றுக் கொட்டகைக் கடைகளில் ஒன்று பற்றிக்கொண்டது.

அந்த நெருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜுவாலை கோபுரத்துக்குச் சமமாக எழுந்தது. பக்கத்துத் தென்னையில் இளநீர் கொதித்து, காய் காயாக வெடித்தது. கோபுரத்துப் புறாக்கள் செங்கம் வரைக்கும் போய், மூன்று நாள் கழித்துத்தான் திரும்பின. நம்பாதவர்கள் புறாக்களைக் கேட்கலாம்.

ஃபயர் வண்டி வந்தது. அதில் இருந்த தண்ணீர் நாலு கூரைக்குக்கூட வரவில்லை. கோடையில் கோயில் குளத்திலும் படிக்கட்டுதான் மிச்சம்.

வண்டியோடு வந்த ஆபீசர் கத்தினார். "இங்க ஒரு மூடி இருக்கணுமே, எங்கய்யா? வாட்டர் ஒர்க்ஸ் ஆளு யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பிள்ளையார் கோயில் படியில் போய் நின்றேன். கண்ணை மூடினேன். அங்கிருந்து எண்ணிப் பதினேழு அடி வைத்தேன். பதினேழாவது அடியில் கால்விரல் கூழ்ப் பானையில் இடித்தது. கடப்பாரையை வாங்கி ஒரே குத்து. தார் பிளந்து, மூடி வந்தது. ஹோஸ் பாம்பு மாதிரி எழுந்து நின்றது. மூன்று கடை போனாலும் மிச்ச வரிசை பிழைத்தது.

அந்த வாரமே மூடியைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டார்கள். உள்ளே யாரும் உட்காரக் கூடாது, பொருள் வைக்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். எனக்கு வேலை நிரந்தரமானது. அக்கா பானையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது... கொஞ்ச நாள் விசாரித்தேன். ரொம்பவும் விசாரிக்கவில்லை.

போன வாரம் அதே சந்தில் புது ரோடு போட்டார்கள். மூடியை முதலில் உயர்த்திக் கட்டிவிட்டுத்தான் தார் ஊற்றினார்கள். இப்போது கீற்றுக் கூரை ஒன்றுகூட இல்லை. லாட்ஜுக்கு லாட்ஜ் நெருப்பு அணைக்கிற சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. கார்த்திகை தீபத்துக்கு வீதிக்கு வீதி ஃபயர் வண்டி நிற்கிறது. எந்தக் குழாய் எங்கே என்று போனிலேயே பார்க்கிறார்கள். யாருடைய கால் அளவும் தேவையில்லை. நல்லதுதான்.

வேடிக்கை பார்த்த பையன்களிடம் பதினேழு அடிக் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். தார் வாசனை வேறு... பசித்தது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

கதையில் அது ஒன்றுதான் நான் கட்டியது. பதினேழு அடி நான் வைக்கவே இல்லை.

ஆபீசர் கேட்டபோது மூடி எங்கே என்று எனக்குத் தெரியும். தினமும் அதன் எதிரே குந்திக் கூழ் குடித்தவன். "தெரியல சார்" என்றேன். மூடி மேல் கடை போட விட்டதும், தார் மூடியதை ஆபீசில் சொல்லாததும் சேர்ந்து வெளியே வரும், வேலை போகும் என்று பயம்.

முனியம்மாக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

"இங்க குத்துங்க சாமி" என்றார்.