கல்லுக்குள் இருந்த வாய்

ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள்தான் என் கண். விடுமுறைக்குப் போனால் ஒருவருடைய பல்லும் கண்ணில் படக்கூடாது என்றிருப்பேன். அந்தக் கோடையில் கணவர் தெற்கே பயேர்ன் மாநிலப் பக்கம் போவோம் என்றார். அங்கே ஒரு பழைய சுண்ணாம்புக் கல் அகழ்விடத்தில் சுத்தியலும் உளியும் வாடகைக்குத் தருவார்களாம். யாரும் தட்டைக் கற்களைப் பிளந்து, உள்ளே பழங்காலத்து உயிர்களின் தடம் இருக்கிறதா என்று தேடலாமாம்.

"வெயிலுக்குள்ள கல்லுடைக்கவோ லீவு எடுத்தனாங்கள்?" என்றேன்.

"ஒருக்கா வந்து பாருமன்."

மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு சின்னச் சுருள் சிப்பி கிடைத்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் கறுப்பு நிறத்தில் செடி மாதிரி கிளைவிட்ட கோடுகள். அவை செடியே இல்லை, கல்லுக்குள் ஊறிய கறை என்று அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு இருந்த கொஞ்ச ஆசையும் விட்டுப்போய்விட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்னொரு கல்லின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினேன். தட்டைக் கல் இரண்டாகக் கழன்றது.

உள்ளே மண்ணிறத்தில் மெல்லிய கோடுகள், நெருக்கமாக, வரிசையாக.

"இஞ்சாருங்கோ, கல்லுக்குள்ள சீப்புக் கிடக்குது!"

அவர் குனிந்து பார்த்தார். "மீன் முள்ளாக்கும்."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் அடியும் தாடை எலும்பில் ஒரு சின்னக் குழிக்குள் இறங்கியிருந்தது. வேலையில் நான் நாள்தோறும் பார்ப்பது அதைத்தான்.

"முள்ளில்லை. பல். முழுக்கப் பல்."

கையிலிருந்த சுத்தியல் காலில் விழுந்தது. வலி பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து குனிந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "இதை இனி ஒருத்தரும் தொடவேண்டாம்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இது பறந்தது," என்றாள்.

அவள் பேசிய ஜெர்மன் எனக்குப் பிழையாக விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "என்ன செய்தது?"

"பறந்தது."

"இவ்வளவு பல்லோடயோ?" என்று கணவர் தமிழில் கேட்டார். அவளுக்கு எப்படி விளங்கியதோ, தலையாட்டினாள்.

கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்தார். "வீட்டில வைக்க ஏலாது," என்றேன். அவ்வளவு பல்லைக் கண்ட பயத்தில்தான் சொன்னேன்.

அடுத்த வசந்தத்தில் அருங்காட்சியகத்துக்கு எங்களை அழைத்தார்கள். எலும்பைச் சுற்றியிருந்த கல்லை ஊசியால் சுரண்டி நீக்கிய ஆய்வாளர் எங்களை மேசையருகே கூட்டிப் போனார். இப்போது முழு உடலும் தெரிந்தது. பறவை இல்லை, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் பறந்து திரிந்த ஒரு ஊர்வன என்றார். நீண்ட அலகு, நுனியில் கரண்டி போல அகன்றிருந்தது. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் நின்று, வாய் நிறையத் தண்ணீரை அள்ளி, பற்களின் இடுக்கால் வெளியே விட்டு, சிக்கும் பொடி இறால்களை விழுங்கியிருக்கும் என்றார். பல் நுனிகளில் குட்டிக் கொக்கிகள்கூட இருந்தன. அந்தக் கடல் இருந்த இடம் இந்த பயேர்ன்தான் என்றார்.

பிறகு அதன் கையைக் காட்டினார். மூன்று சின்ன விரல்கள் மடங்கிக் கிடந்தன. நாலாவது மட்டும் கையைவிட நீளமாக ஓடியது. "அந்த ஒரு விரல்தான் இறக்கையைத் தாங்கியது," என்றார். கணவர் தன் கையை விரித்து மோதிர விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காருக்குள் வந்து இருந்தபிறகும் அவர் சாவியைத் திருப்பவில்லை.

"அண்டைக்கு நீர் கொஞ்சம் பலமா அடிச்சிருந்தா, எல்லாம் நொறுங்கியிருக்குமே?"

அந்தக் கேள்வி அதுவரை எனக்கு வரவேயில்லை. கதவைத் திறந்து இறங்கி, கார்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தேன்.