எலி மூளைக்குத் துண்டு போட்ட கதை

இந்த ஊர் டிராமில் இடம் பிடிப்பது பெரிய சங்கடம். கூட்டமே கிடையாது, அதுதான் சங்கடம். ஸ்வீடனுக்கு வந்த புதிதில், பின்னால் ஏறிய ஆய்வுக்கூடத் தோழி ஹெல்காவுக்காகப் பக்கத்து இருக்கையில் என் சால்வையைப் போட்டேன். எதிரே இருந்த அம்மாள் எழுந்து வந்து, அதை உதறி மடித்து, கீழே விழுந்த பொருளைக் கொடுப்பதுபோல என் மடியில் வைத்தார். "தக்" என்றேன். நன்றி சொல்ல அந்த ஒரு சொல்தான் தெரியும்.

நம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இது நடக்குமா? தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கும் முன்பே அப்பா கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுவார். துண்டு விழுந்த இடம் நம்முடையது. யாராவது உட்காரப் பார்த்தால், "யோவ், துண்டு கெடக்குதில்ல, கண்ணு தெரியலயா?" என்று வெளியிலிருந்தே அதட்டுவார்.

நான் ஸ்வீடனுக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். மூளையில் சேதி வாங்கும் ஏற்பி என்ற புரதத்தை அடையாளம் காட்ட ஓர் எதிர்ப்பொருள் தயாரிப்பதுதான் என் வேலை. அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசி போட்டால், அதன் இரத்தத்தில், அந்தப் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகும். எலி மூளையின் புரதங்களைப் பிரித்து ஒரு தாளில் ஏற்றி, எதிர்ப்பொருளில் ஊறவைத்துச் சாயம் விட்டால், ஏற்பி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்புக் கோடு தெரிய வேண்டும். எனக்கோ தாள் முழுக்கப் பழுப்பு, தீய்ந்த தோசை மாதிரி! மாதக்கணக்கில் இதே கதை. ஈஸ்டருக்குள் கோடு வராவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்று பேராசிரியர் என் முகம் பார்க்காமலே சொன்னார். மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். "பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பலாமா?" என்று அப்பாவைக் கேட்டவர்களின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிடும்.

ஒரு காலை, டிராமின் காலி இருக்கைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் எதிர்ப்பொருள்மேல் குற்றமில்லை. தாளில் காலி இடம் ஜாஸ்தி. எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. முன்கூட்டியே துண்டு போட்டுவைக்க வேண்டும்! காலி இடத்தை அடைக்க நாங்கள் பூசிவந்த மாட்டு இரத்தப் புரதம் போதவில்லை. பாலிலும் புரதம்தானே? கொழுப்பு நீக்கிய பால் பவுடரை வாங்கிக் கரைத்துத் தாளின்மேல் ஊற்றினேன்.

"இது உங்கள் சாமிக்கா?" என்று ஹெல்கா ரகசியமாகக் கேட்டாள். பாலாபிஷேகம் பற்றி அவளிடம் நான்தான் அளந்திருந்தேன். "இல்லடி, சீட்டு புடிக்கறேன்" என்று வாயில் தமிழே வந்துவிட்டது.

பிறகு எதிர்ப்பொருளை விட்டு, கழுவி, சாயம் ஊற்றினேன். வெள்ளைத் தாளில் மெல்ல ஒரே ஒரு கோடு எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்பி இல்லாத ஈரல் புரதத்தை ஏற்றிய பக்கம் சுத்த வெறுமை. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று நான் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டதோ என்று பேராசிரியர் ஓடிவந்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த மனிதரின் கொண்டாட்டம் அவ்வளவுதான். ஒப்பந்தம் நீண்டது.

ஊருக்கு டிரங்க் கால் போட்டேன். பக்கத்து மருந்துக்கடைக்கு அப்பா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அப்பா, ஜெயிச்சிட்டேன்! இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க" என்று துண்டுக் கதையையும் சொன்னேன்.

"அப்படிப் போடு! யாரு பொண்ணு!" என்று கடையே அதிரச் சிரித்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "அங்க நல்லா உக்காந்துக்கம்மா. இங்கயும் துண்டு போட்டுத்தான் வெச்சிருக்கேன். எவனையும் உக்கார வுடமாட்டேன்."

இப்போதும் டிராமில் ஏறினால் பக்கத்து இருக்கையில் சால்வையைப் போடுகிறேன். யாராவது எடுத்து நீட்டினால் "தக்" என்று வாங்கிக்கொள்கிறேன். அவர் இறங்கியதும் மறுபடி போட்டுவிடுகிறேன்.