படிக்கிணற்றை மூடப் போன பத்து நாள்

தொண்டு செய்யப் போகிறேன் என்று பிள்ளைகள் யாராவது வந்து யோசனை கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அவர்களைக் கூப்பிட்டவர் மேல், தங்க இடம் கொடுக்கிறவர் மேல், கடைசியாக அவர்களுடைய ஆர்வத்தின் மேலும். இந்தப் புத்தி எனக்குப் பத்தொன்பது வயதில், சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் வந்தது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டுக் கிருஷ்ணகிரியில் வீட்டோடு இருந்தேன். நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கத் தொண்டர்கள் தேவை என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. ஐந்து பேர் கிளம்பினோம். அந்த நோய் குடிதண்ணீரில் வருவது. குடித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் எழும்பும். அது உடைந்து நூல் மாதிரி ஒரு புழு மெல்ல வெளியே வரும். அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டால் நோய் மறுபடியும் தண்ணீரில் கலந்துவிடும். படிகளைக் கல் வைத்து மூடி, மேலே ராட்டினம் போட்டு இறைக்க வைத்துவிட்டால் நோய் அறுந்துபோகும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்தார். அதுவரை தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஊரின் பெரிய மாந்தோப்புக்காரர் வீட்டில் தங்கினோம். சாப்பாடு அவர் வீட்டில். கல்லும் மரமும் ராட்டினமும் அவரே கொடுத்தார். கூலி வேலை செய்கிறவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில், அவர் நிலத்தின் ஓரத்தில் இருந்தது அந்தக் கிணறு. அவர் வீட்டுக்கென்று தனிக் கிணறு உண்டு. தனக்குப் பயன்படாத கிணற்றுக்கு ஒரு மனிதர் ஏன் இவ்வளவு செலவழிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே நோட்டுப் புத்தகத்தோடு குடியிருப்புக்குள் போனேன். யாருக்கெல்லாம் காலில் புழு என்று எழுத வேண்டும். என்னைக் கண்டதும் பேச்சு தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறியது. கிருஷ்ணகிரிக் கடைத்தெருவில் வளர்ந்த எனக்குத் தெலுங்கு புரியும். அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. பாஷையை வைத்து மாநில எல்லை பிரிக்கிற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. யார் வீட்டில் என்ன பாஷை என்று எழுத வந்திருக்கிறான் என்றார் ஒருவர். இல்லை, அணைக்கு நிலம் எடுக்க வந்தவன் என்றார் இன்னொருவர். எந்த வீட்டிலும் நோயாளி இல்லை என்று சொன்னார்கள். ஆனால் ஒரு குடிசைக்குள்ளிருந்து காலை இழுத்து இழுத்து நகர்கிற சத்தம் கேட்டது.

அந்தக் குடிசையின் வாசலில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் வழியை மறித்தபடி நின்றாள். அவளுடைய புருஷன்தான் உள்ளே படுத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

"படிய மூடிட்டா தண்ணி எப்பிடி எடுக்கறது, சாமி?"

"ராட்டினம் போடுவோம், அக்கா. கயிறு கட்டி எறைக்கலாம்."

"கயிறு யாரு கையில இருக்கும்?"

"பொதுதான்."

"பொதுன்னா யாரு வூடு?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் முதல் வரிசைக் கல் வைத்து முடித்ததும் அலுவலகத்திலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். அன்று சாப்பிடும்போது தோப்புக்காரரிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

"நம்ம வூட்லதான் இருக்கும், தம்பி. அங்க வுட்டா அறுத்துப் போட்ருவாங்க. காலையில தோப்பு வேலைக்கு வர்றவங்க கேட்டு வாங்கிட்டுப் போவட்டும்."

"வேலைக்கு வராதவங்க?"

"வராதவனுக்குத் தண்ணி என்னாத்துக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாங்கள் வைத்த கற்கள் அத்தனையும் மேலே எடுத்து அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் குழுத் தலைவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். போலீசுக்கு எழுதப்போவதாகச் சொன்னார். நான் தனியாக அந்தப் பெண்ணிடம் போனேன்.

"கல்ல எடுத்தது நாங்கதான். போய்ச் சொல்லிக்கோ, சாமி."

"சொல்றதுக்கு வரல. கயிறு விஷயத்துல நீங்க கேட்டது சரின்னு சொல்ல வந்தேன்."

அவள் நம்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றவள், உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "எங்க வூட்டுத் தண்ணி குடிப்பியா?" பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். துணியில் வடிகட்டிக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சாதி பார்க்கிறேன் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். கடகடவென்று குடித்துவிட்டேன். என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு கேட்டாள். "இந்தத் தண்ணியில புழு இருக்குதுன்னு நாலு நாளா சொல்ற. அப்புறம் நீ ஏன் குடிச்ச? அப்ப அதுவும் பொய்யா?"

நாலு நாள் நான் சொன்னதையெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரில் நானே அழித்திருந்தேன்.

தலைவரிடம் தோப்புக்காரர் சொன்னதைச் சொன்னேன். "நாம வந்தது கெணறு மூட. அவங்க தகராறு நமக்கெதுக்கு?" என்றார். மூன்று பேர் கல்லைத் தொட மறுத்தோம். அதோடு சாப்பாடும் நின்றது. மீதி நாட்களை வேர்க்கடலையும் வெல்லமுமாக ஓட்டினோம். பத்தாம் நாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. படிகள் திறந்தே கிடந்தன.

அடுத்த கோடையில் என் இடது கணுக்காலில் கொப்புளம் எழும்பியது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் புழுவைச் சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். அவசரப்பட்டால் உள்ளே அறுந்து சீழ் வைத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காந்தல் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. நடக்க முடிந்ததும் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபமும் இருந்தது.

அவள் என் காலைப் பார்த்தாள். குச்சி கட்டியிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பக் குடிச்சது?"

"நீங்க குடுத்தப்ப."

தழும்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினாள். அவர்கள் தெலுங்கில் கேட்டதற்கு நான் இந்த முறை தெலுங்கிலேயே பதில் சொன்னேன். அத்தனை நாளும் ஒட்டுக்கேட்டேனா என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. ஆனால் அன்று சாயங்காலமே நாலைந்து வீடுகளில் குடத்தின் வாயில் மடித்த துணி ஏறியது.

ராட்டினம் வேண்டும், கயிறு எங்கள் குடியிருப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். அவள் அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். அப்புறம் படிக்கத் தெரிந்த இன்னொருவரைப் பக்கத்துத் தெருவிலிருந்து வரவழைத்து, நான் படித்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாள். எனக்கு வருத்தம் வரவில்லை. மனுவோடு இருவரும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனோம். நான்காம் நாள் எடுத்த போட்டோ அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தது. கிணறு மூடியாகிவிட்டது என்றே அதிகாரி நம்பிக்கொண்டிருந்தார். அவள் போட்டோவுக்கு எதிரில் நின்று, "இது எங்க கெணறுதான். ஆனா இப்பிடி இல்ல. வந்து பாருங்க" என்றாள்.

அவர் வந்து பார்த்தார். அரசாங்கக் கல்லில் படிகள் மூடப்பட்டன. இரண்டு ராட்டினங்கள் வந்தன. தோப்புக்காரர் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் தோப்பு வேலையை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் அவர்கள் பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கப் போய் வந்தார்கள். நான் எழுதிய மனுவின் விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தது அவர்கள்தான்.

அதனால் போகிற பிள்ளைகளிடம் சொல்வேன். யார் வீட்டுச் சோறு என்று பாருங்கள். வேலை முடிந்தபின் கயிறோ சாவியோ யாரிடம் போகும் என்று கேளுங்கள். போட்டோவுக்குப் பிறகும் இருங்கள். உங்களைச் சந்தேகப்படுகிறவர்களிடம் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். முக்கியமாக, தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள்.